ஒட்டகத்தை விற்ற கதை

செயலாளர் குளியலறைக்குள் நின்று, குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையா? வாங்க சார், தாராளமா வாங்க. என்ன சத்தமா? ஒண்ணுமில்ல சார், இங்க மழை."

வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

மறுமுனையில் பேசியவர் முதல் டிவிஷன் கிளப் ஒன்றுக்கு ஆட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கொடுப்பவர். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ஆள்பிடி. முகத்துக்கு முன்னால் சார். செயலாளர் குழாயை மூடிவிட்டு வெளியே வந்தார். மனைவி துண்டும் கையுமாக நின்றிருந்தாள்.

"குளிச்சாச்சா?"

"ஆச்சு."

"தலை காஞ்சிருக்கே."

"தலைக்கு ஊத்தல."

"சட்டையைக் கழட்டாமலேயே குளிச்சீங்களா?"

செயலாளர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். பொத்தான்கள் எல்லாம் ஒழுங்காகப் போட்டிருந்தன. அவருக்குப் பொய் வராது என்பதில்லை; வரும், பாதிதான் வரும்.

கால்பந்துக் கழகத்தின் செயலாளர் என்றதும் பெரிதாக எதையாவது நினைத்துக்கொள்ள வேண்டாம். மூன்றாம் டிவிஷன். டிக்கெட் கிழிப்பவரும் அவர்தான், மைக்கில் பேசுபவரும் அவர்தான். கழகத்தின் கண்ணாடி அலமாரியில் ஒரே ஒரு கோப்பை உண்டு. அதுவும் கேரம் போட்டிக்குக் கொடுத்தது. இங்கே எப்படி வந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை.

வாசலில் வசூலாகிற காசு பந்துக்குக் காற்றடிக்கப் போதும். மற்றதெல்லாம் பையன்கள் புண்ணியம். பதினேழு பதினெட்டு வயதில் கண்டுபிடித்துக் கூட்டி வருவார்கள். கமிட்டிக்காரர்கள் வீட்டில் ஆளுக்கு ஒருவனாகத் தங்கவைத்து, சோறு போட்டு, பந்து பழக்கி, பத்தொன்பது வயதில் பெரிய கிளப்புக்கு விற்றுவிடுவார்கள். ஒருவன் போனால் மீதிப் பேருக்கு ஒரு வருடச் சம்பளம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் இந்தக் கழகத்தை நாற்றங்கால் என்றுதான் அழைப்பார்கள். செயலாளருக்கு அதில் வருத்தம் கிடையாது. நாற்றங்காலை யாரும் எத்தனை கோல் போட்டாய் என்று கேட்பதில்லை.

இதில் ஒரு விசேஷம். மற்றவர்கள் வீட்டில் தங்கிய பையன்கள் நன்றாகப் பருத்தார்கள். செயலாளர் வீட்டில் தங்கியவர்கள்தான் விலை போனார்கள். பதினோரு வருடத்தில் ஒன்பது பேர். ஒன்பது பேரையும் வாங்கியது ஆள்பிடியின் கிளப். "உங்க வீட்டு ராசி அப்படி" என்று கமிட்டியில் பெருமூச்சு விடுவார்கள்.

ராசியெல்லாம் இல்லை, பயிற்சி என்று செயலாளர் நினைத்துக்கொள்வார். வீட்டில் அந்தப் பிள்ளைகள் படும் பாடு அவருக்குத்தானே தெரியும். மனைவி அவர்களைச் சும்மா உட்கார விடமாட்டாள். லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு நாற்பத்தெட்டுப் படி; கேஸ் சிலிண்டர் வந்தால் பையன் தலையில்தான். பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்க ஸ்டூல் தர மாட்டாள். "எக்கி எடுடா, வளர்ற வயசு" என்பாள். சமையலறையில் வெங்காயம் கை தவறி விழுந்தால், "கீழ விடாதே, காலாலயே பிடி!" என்று கத்துவாள். ஒரு நாளைக்கு நாலைந்து வெங்காயமாவது கை தவறும். பையன் போனதும் ஃபிரிட்ஜ் மேலிருக்கும் சமையல் குறிப்பு நோட்டை எடுத்து ஏதோ எழுதுவாள். இத்தனை குறிப்பு எழுதியும் குழம்பு ஏன் மாறவே இல்லை என்று செயலாளர் ஒருமுறை கேட்டார். மறுமுறை கேட்கவில்லை.

இவ்வளவு வேலை வாங்குகிறவள், பையன் போகிற அன்றைக்கு மட்டும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். ஆள்பிடி கூடத்தில் உட்கார்ந்து கையெழுத்து வாங்குவார். உள்ளேயிருந்து மூக்கு சிந்தும் சத்தம் வரும். ஒருமுறைகூட அவள் வெளியே வந்து அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே அவளுடைய தம்பியிடமிருந்து ஆறுதலாக ஏதாவது வந்து இறங்கும். ஒருமுறை மிக்ஸி. ஒருமுறை ஃபிரிட்ஜ். போன வருடம் வாஷிங் மெஷின். மைத்துனன், வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டால் "தாகமா இருக்கா, இல்ல சும்மா கேக்கறீங்களா?" என்று விசாரிக்கிற ஆள். அவனுக்குள் இப்படி ஒரு பாசமா என்று செயலாளர் ஒவ்வொரு முறையும் போன் செய்து நன்றி சொல்வார். அவனும் சற்று யோசித்துவிட்டு, "இருக்கட்டும் அத்தான், இதையெல்லாம் போய்ப் பெரிசா..." என்று அடக்கமாக ஏற்றுக்கொள்வான்.

இந்த வருடத்துப் பையன் ஒட்டகம். கழுத்து நீளம், கால் அதைவிட நீளம், தொண்ணூறு நிமிடமும் தண்ணீர் குடிக்காமல் ஓடுவான். மூன்று வாரத்துக்கு முன்னால், அவன் தட்டில் நாலாவது முட்டையை வைத்துவிட்டு, மனைவி செயலாளர் பக்கம் திரும்பினாள்.

"இவனை அவசரப்பட்டு வித்தீங்கன்னா பாருங்க."

"பார்த்தா?"

"பாருங்கன்னு சொன்னேன்."

முப்பது வருட தாம்பத்தியத்தில் அவள் சொல்லி முடித்த மிரட்டல்களை அவர் சமாளித்திருக்கிறார். முடிக்காமல் விட்டவைதான் ஆபத்து.

ஆனால் விற்காமலும் முடியாது. லீக்கிலிருந்து கடிதம் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் கேலரிக் கூரையைச் சரிசெய்து, பையன்களின் சம்பள பாக்கியைத் தீர்க்காவிட்டால் கழகத்தின் பெயரை அடித்துவிடுவார்களாம். பெயிண்ட் கடை வைத்திருக்கும் தலைவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்.

"ஒட்டகம் போனாத்தான்யா நாம இருப்போம்."

ஆகவே சட்டையோடு குளித்த செயலாளர், துண்டை வாங்கிக் காய்ந்த முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"சனிக்கிழமை மேட்சு ஞாயித்துக்கிழமைக்கு மாறிப்போச்சு."

"ஓகோ" என்றாள் மனைவி.

அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா என்று செயலாளருக்கே ஆச்சரியம். அன்றைக்கு அவர் இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை காலையில் மைதானத்தில் கோடு போட்டுவிட்டு, ஒட்டகத்தை ரகசியமாகக் கூட்டிப்போகப் பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தார். கதவில் பூட்டு. பூட்டில் ஒரு சீட்டு.

'தம்பி வீட்டுக்குப் போறோம். பீரோ நகர்த்தணுமாம். மேட்சு நாளைக்குத்தானேன்னு ஒட்டகத்தையும் கூட்டிட்டுப் போறேன்.'

செயலாளர் நாற்பத்தெட்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். மைத்துனன் வீடு ஒரு மணி நேரப் பயணம். ஆட்டம் நாலு மணிக்கு. அவளுக்குத் தெரியாமல் அவனை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது? யோசித்தார். யோசித்ததுதான் தப்பு.

"மச்சான், நான்தான். பதறாதே. அந்தப் பையன் உங்க வீட்டுலதானே இருக்கான்? அவனுக்கு அம்மைக்கட்டு மாதிரி இருக்கு. உடனே இங்க அனுப்பிடு."

"அய்யய்யோ! தொத்துமா அத்தான்?"

"பார்த்தாலே தொத்தும்."

போனுக்குள் நாற்காலி சரிகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், மூடுகிற சத்தம், தாழ்ப்பாள். மைத்துனன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

"அனுப்பிட்டேன் அத்தான்."

"ராசா!"

"அக்காவும் அவன்கூடத்தானே வந்தா? அவளுக்கும் தொத்தியிருக்கும்ல, அவளையும் சேர்த்து வெளிய அனுப்பிட்டேன்."

"அவளை ஏன்யா அனுப்புனே!"

"வேணும்னா பீரோவையும் அனுப்பறேன், அவங்க ரெண்டு பேரும் தொட்டிருக்காங்க."

மூன்றே முக்காலுக்கு ஆள்பிடி வந்துவிட்டார். கேலரியில் கூரை மிச்சமிருந்த பகுதியில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். ஒட்டகம் வரவில்லை. தலைவர் செயலாளரை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனார்.

"எங்கய்யா அவன்?"

"வந்துகிட்டே இருக்கான் தலைவரே."

"எதுல? நத்தையிலயா? ஒன்பதாம் நம்பர் இல்லாம இறங்கினா அந்தாள் எழுந்து போயிடுவான். யாருக்காவது அந்த ஜெர்சியை மாட்டிவிடு."

கையிருப்பில் இருந்தவர் ரொட்டி வண்டிக்காரர் ஒருவர்தான். வயது முப்பத்தாறு. காலையில் கடைகடையாக ரொட்டி போடுவார், ஆள் குறைந்தால் சாயங்காலம் பந்தாடுவார். ஒன்பதாம் நம்பர் ஜெர்சி அவர் வயிற்றைத் தாண்டி இறங்க மறுத்தது.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆள்பிடி ஒன்பதாம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"செயலாளர் சார், ஒன்பதாம் நம்பர்தானே அந்தப் பையன்?"

"ஆமா சார்."

"பத்தொன்பது வயசு?"

"முடிஞ்சு ரெண்டு மாசம்."

"முன்னாடி முடியே இல்லையே."

"வீட்டுக் கஷ்டம் சார். சின்ன வயசுலயே ரொம்ப யோசிப்பான்."

"வயிறு?"

"அது எங்க வீட்டுச் சாப்பாடு."

அந்த நேரம் பார்த்து ரொட்டி வண்டிக்காரர் தன் காலையே தடுக்கிப் பொத்தென்று விழுந்தார். கேலரியின் மறுகோடியிலிருந்து ஒரு சிறுமி எழுந்து நின்று கத்தினாள்.

"அப்பா! எந்திரிப்பா! அம்மா திட்டுவாங்க!"

"குழந்தை யாரைக் கூப்பிடுது?" என்றார் ஆள்பிடி.

"கோல்கீப்பரை சார்."

கோல்கீப்பருக்குப் பதினேழு வயது. மீசை இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆள்பிடி தலையை மட்டும் ஆட்டினார். அவர் இவ்வளவு அமைதியாக இருப்பதுதான் செயலாளருக்கு உறுத்தியது. இந்த ஆளுக்கு ஏற்கெனவே எல்லாம் தெரிந்திருக்குமோ? 'ஊருக்குள்ள எங்களுக்கு ஒரு ஆள் உண்டு' என்று எப்போதோ ஒருமுறை அவர் வாய்விட்டிருந்தார். அது யார் என்பதில் செயலாளருக்குச் சந்தேகமே இல்லை: பல் டாக்டர். கழகத்துக்கு இலவச வைத்தியம் பார்க்கும் பல் டாக்டர், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து, யாரோடும் பேசாமல், ஒரு தாளில் குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். குறுக்கெழுத்துப் போட்டியாம். யாரிடம் கதை விடுகிறார்? எதற்கும் இருக்கட்டும் என்று செயலாளர் பதினோரு வருடமாக அவருக்குப் பிஸ்கட்டுடன் டீ கொடுத்து வந்தார்.

இடைவேளைக்கு விசில் ஊதினார்கள். வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. அதிலிருந்து மனைவி இறங்கினாள். பின்னாலேயே, தாடையைச் சுற்றி அவளுடைய பூப்போட்ட துப்பட்டாவோடு, ஒட்டகம்.

செயலாளர் ஓடினார். அதற்குள் அவள் ஆள்பிடியின் நாற்காலிக்கு அருகில் வந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை இன்னிக்கே வந்துடுச்சா?" என்றாள்.

"அது... ஒரு பயிற்சி ஆட்டம். நீ எங்கம்மா இங்க?"

"அம்மைக்கட்டுன்னு சொன்னீங்களாமே. டாக்டர்கிட்டக் காட்ட வேண்டாமா? நம்ம டாக்டர் இங்கதானே இருப்பார்." அவள் பார்வை நாற்காலியில் இருந்தவர் மேல் திரும்பியது. "இவர் யாரு?"

"இவர்... கூரை! கூரை பார்க்க வந்தவர்."

ஆள்பிடி ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்து, "ரொம்ப மோசம்மா" என்றார். அந்தப் பெருந்தன்மையில் செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நல்லாப் பாருங்க. எத்தனை வருஷமா ஒழுகுது தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவள் பல் டாக்டரிடம் போனாள்.

பல் டாக்டர் ஒட்டகத்தின் வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"அம்மைக்கட்டு இல்லை. கடைவாயில ஒரு சொத்தைப் பல் இருக்கு."

போன மாதம் ஒருவன் முழங்கை முறிந்து வந்தபோதும் அவர் சொத்தைப் பல்லைத்தான் கண்டுபிடித்தார்.

தலைவருக்கு உயிர் வந்துவிட்டது. "பல்லுதானே! பல்லாலயா பந்தை உதைக்கப் போறான்? ஜெர்சியை மாத்துங்கய்யா!" என்று ஒட்டகத்தை உடை மாற்றும் அறைக்குத் தள்ளினார். ரொட்டி வண்டிக்காரரிடமிருந்து ஒன்பதாம் நம்பரை உரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். செயலாளர் பூட்ஸை நீட்டினார். ஒட்டகம் இடது காலை நுழைத்தான். வலது கால் நுழையவில்லை.

"ஏறல மாமா."

செயலாளர் அவன் காலுறையைக் கீழே இறக்கினார். கணுக்கால் கரிய நீலமாக, ஒரு மாங்கொட்டை அளவுக்கு வீங்கியிருந்தது.

"எப்ப இருந்துடா?"

"புதன்கிழமையிலிருந்து நொண்டிக்கிட்டிருக்கான்." மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள். "ஒரே வீட்டுல இருக்கீங்க. பாத்ரூம்ல நின்னு போன் பேச நேரம் இருந்துச்சு, இதைப் பார்க்க நேரமில்ல. மேட்சு இன்னிக்குத்தான்னு எனக்குத் தெரியாதா? லீக் அட்டவணை நம்ம வீட்டு காலண்டர் பக்கத்துலதான் தொங்குது. இவனை இறக்கிடுவீங்கன்னுதான் தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவன் துரத்திவிட்டதும், பாதி ஆட்டம் முடியட்டும்னு மெதுவா வந்தேன்."

"அத்தை, ஒண்ணுமில்ல அத்தை" என்றான் ஒட்டகம். துப்பட்டா இன்னும் தாடையில் இருந்ததால் பல்வலிக்காரன் பேசுவது போல இருந்தது. "ஊசி போட்டுக்கிட்டா வலி தெரியாது. நான் போகலைன்னா கழகத்தை மூடிருவாங்களாம்ல? மத்தவங்க எல்லாம் எங்க போவாங்க மாமா?"

"சிங்கம்யா!" என்றார் தலைவர். "இருபதே நிமிஷம். ஒரு கோலு. வண்டி ஏத்தி அனுப்பிட்டு அப்புறம் கால் எக்கேடு கெட்டாலும் அவங்க பாடு."

செயலாளர் தரையில் மண்டியிட்டிருந்தார். கையிலிருந்த வலது பூட்ஸைப் பார்த்தார். பிறகு அதைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டு, இடது பூட்ஸின் நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

"என்னய்யா பண்றே?"

"விளையாட மாட்டான் தலைவரே."

"கழகம்?"

"மூடினா மூடட்டும். பெஞ்சை விக்கலாம், கோல் கம்பத்தை விக்கலாம், அந்த கேரம் கோப்பையைக்கூட விக்கலாம். இந்தக் காலை விக்க முடியாது."

மனைவி குனிந்து அவர் சட்டைக் காலரை மட்டும் சரிசெய்துவிட்டாள்.

செயலாளர் நேராக ஆள்பிடியிடம் போனார். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். ஒன்பதாம் நம்பர் ரொட்டி வண்டிக்காரர், அவருக்கு இரண்டு பிள்ளைகள், கத்தியது அதில் மூத்தது. உண்மையான பையனுக்குக் கால் சரியில்லை, இன்றைக்கு ஆட மாட்டான். அன்றைக்கு மழையும் பெய்யவில்லை.

ஆள்பிடி பையிலிருந்து ஒரு ஒப்பந்தத்தை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"இன்னிக்கு அவனை இறக்கியிருந்தீங்கன்னா இது வெளியவே வந்திருக்காது. வாங்கறோம். பணம் இந்த வாரமே வந்துரும். ஒரே ஒரு நிபந்தனை. இன்னும் ஒரு வருஷம் அவன் உங்க கழகத்துலதான் ஆடணும், உங்க வீட்டுலதான் தங்கணும்."

செயலாளர் ஒப்பந்தத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு முதல் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"அவன் ஆடி நீங்க பார்க்கவே இல்லையே சார்!"

"நான் எதுக்குப் பார்க்கணும்? எங்க ஆள் எழுதினது இருக்கே." ஆள்பிடி நாலாக மடித்த ஒரு தாளைப் பிரித்து வாசித்தார். "'சிலிண்டரோட நாப்பத்தெட்டுப் படி, மூச்சு வாங்கல. நின்ன இடத்துல எக்கினா பரண் மேல் தட்டு எட்டுது. வலது கால்ல பத்துக்குப் பத்து வெங்காயம் பிடிக்கிறான், இடது கால்ல ஆறுதான். ஒரு வருஷம் விட்டு வைக்கணும். வலது கணுக்கால் வீக்கம், சனிக்கிழமை ஆட விடக்கூடாது.'"

செயலாளருக்கு ரத்தம் கொதித்தது. பல் டாக்டர்! நாற்பத்தெட்டுப் படி ஏறி வந்து, சமையலறை ஜன்னல் வழியாக வெங்காயத்தை எண்ணியிருக்கிறார்! திரும்பிப் பார்த்தார். பல் டாக்டர் அப்பாவி போல் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"கடைசியா உங்களைப் பத்தியும் ஒரு வரி இருக்கு" என்றார் ஆள்பிடி. "'செயலாளர் பயந்த சுபாவம். பொய் பாதிதான் வரும். ஆனா கடைசி நிமிஷத்துல சரியா நடந்துக்குவார்.'"

செயலாளரின் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. என்ன இருந்தாலும் மனுஷன் மனசுக்குள் இவ்வளவு மரியாதை வைத்திருக்கிறாரே. நாளையிலிருந்து கிரீம் பிஸ்கட் கொடுக்க வேண்டும்.

மைதானத்தில் யாரோ அடித்த பந்து, மறுபடி ஜெர்சியை மாட்டி இறங்கியிருந்த ரொட்டி வண்டிக்காரரின் முதுகில் பட்டுக் கோலுக்குள் போனது. சிறுமி நாற்காலி மேல் ஏறிக் குதித்தாள். அந்தச் சத்தத்தில், ஒட்டகத்தைத் தோளில் சாய்த்துத் தாங்கியபடி மனைவி மெல்ல நடந்து வந்தாள்.

ஆள்பிடி மரியாதையாக எழுந்து நின்று, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"அக்கா, இந்தத் தடவை உங்க தம்பி பேரைப் போட்டு என்ன அனுப்பட்டும்?"